அம்பாசடரா, மாருதி 800-ஆ?

கும்மிடிப்பூண்டியிலிருந்து பொன்னேரிக்கு ரயிலில் வந்து படிக்கும் மாணவர் ஒருவர், ஒரு நாள் வகுப்பு முடிந்ததும் என்னிடம் ஒரு துண்டுக் காகிதத்தை நீட்டினார். அவருடைய தந்தை சிப்காட் தொழிற்சாலை ஒன்றில் பணிபுரிகிறார். வீட்டில் பாட்டிக்கு உடல்நிலை சரியில்லை. மாதம் இருமுறை சென்னையில் மருத்துவரிடம் காட்ட வேண்டும். இரவு நேரத்தில் திடீரென்று மூச்சுத் திணறல் வந்தால் வாடகைக் காரைத் தேடி அலைய வேண்டியிருக்கிறது. ஆகவே கையிருப்பில் உள்ள பணத்திற்குப் பழைய கார் ஒன்றை வாங்கிவிடலாம் என்று முடிவு செய்திருக்கிறார்கள். விலைக்கு வந்திருந்தவை இரண்டு: ஓர் அம்பாசடர், ஒரு மாருதி 800. துண்டுக் காகிதத்தில் இரண்டின் விவரங்களும் எழுதப்பட்டிருந்தன. "சார், எது நல்ல வண்டி?" என்பதுதான் கேள்வி.

வீட்டில் இரண்டு கட்சிகளாம். பெரியப்பா, "அம்பாசடர் என்றால் யானை, 50 குதிரைத்திறன். மாருதி வெறும் 37" என்கிறார். தாய்மாமனோ, "யானையைக் கட்டித் தீனி போட முடியாது" என்கிறார். பெரியவர்கள் சண்டையில் நாம் தலையிட வேண்டாம். ஆனால் அந்தத் துண்டுக் காகிதத்தில் உள்ள எண்கள் என்ன சொல்லுகின்றன என்று பார்ப்பதற்கு, உங்கள் பத்தாம் வகுப்பு இயற்பியலே போதும்.

முதலில் இரண்டு வண்டிகளையும் அறிமுகம் செய்துகொள்வோம். அம்பாசடர், இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு என்ற காரின் மறுபிறவி. மேற்கு வங்கத்தில் உள்ள உத்தரபாராவில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் நிறுவனம் 1957 முதல் அதைத் தயாரித்தது. மாருதி 800 ஜப்பானின் சுசுகி நிறுவனத்தின் வடிவமைப்பு; குர்கானில் தயாராகி, 1983 டிசம்பர் 14 அன்று முதல் வண்டி உரியவர் கைக்குப் போயிற்று. இரண்டின் உற்பத்தியும் 2014-ஆம் ஆண்டிலேயே நின்றன. ஆகவே இன்று விலைக்கு வருபவற்றில் மிக இளைய வண்டியும் பத்து வயதைக் கடந்ததுதான். (நம் திருவள்ளூரிலும் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸுக்கு ஒரு தொழிற்சாலை இருந்தது. 1998 முதல் அங்கே தயாரானது அம்பாசடர் அல்ல, மிட்சுபிஷி லான்சர்.)

இனி எஞ்சினுக்குள் நுழைவோம். '1489 சி.சி.', '796 சி.சி.' என்று எழுதியிருக்கிறார்களே, அது என்ன? பிஸ்டன் மேலும் கீழும் ஓடும்போது அது ஒதுக்கும் கன அளவு. உருளையின் கன அளவைக் காணும் சூத்திரம் உங்களுக்குத் தெரியும். நீங்களே போட்டுப் பாருங்கள். அம்பாசடரின் பழைய பெட்ரோல் எஞ்சினில் நான்கு சிலிண்டர்கள். ஒவ்வொன்றின் விட்டமும் 73.025 மி.மீ.; பிஸ்டன் ஓடும் நீளம் 88.9 மி.மீ. மாருதியில் மூன்று சிலிண்டர்கள், விட்டம் 68.5 மி.மீ., நீளம் 72 மி.மீ. கணக்குச் சரியாக வந்தால், 1489-உம் 796-உம் காகிதத்தில் வந்து நிற்கும்.

அம்பாசடர் எஞ்சின் ஏறத்தாழ 50 குதிரைத்திறனைத் தருகிறது; அதுவும் நிமிடத்திற்கு 4200 சுற்றுகள் சுழலும்போது. பிற்கால மாருதி எஞ்சின் 37 குதிரைத்திறனை 5000 சுற்றில் தருகிறது. இங்கே ஒரு விந்தையைக் கவனித்தீர்களா? கன அளவில் அம்பாசடர் கிட்டத்தட்ட இருமடங்கு. ஆனால் திறனில் இருமடங்கு இல்லை. ஒரு லிட்டர் கன அளவுக்கு அம்பாசடர் சுமார் 34 குதிரைத்திறன் தருகிறது. மாருதியோ 46-க்கு மேல் தருகிறது.

மாருதி வேகமாகச் சுழல்வது இதற்கு ஒரு காரணம். அப்படியானால் அம்பாசடரையும் வேகமாகச் சுழல விட்டால் என்ன? இங்கேதான் பிஸ்டன் ஓடும் நீளம் குறுக்கே வருகிறது. ஒரு சுற்றுக்குப் பிஸ்டன் ஒரு முறை மேலே போய் ஒரு முறை கீழே வர வேண்டும். அம்பாசடரில் அது 177.8 மி.மீ. பயணம். வினாடிக்கு 70 சுற்று என்றால், பிஸ்டனின் சராசரி வேகம் வினாடிக்கு சுமார் 12.4 மீட்டர். மாருதியில் ஒரு சுற்றுக்கு 144 மி.மீ.; வினாடிக்கு 83.3 சுற்று, ஆக வினாடிக்கு 12 மீட்டர். இரண்டும் ஏறக்குறைய ஒன்றே! குட்டைக் கால் பையன் அடிக்கடி அடியெடுத்து வைத்து, நெட்டைக் கால் தாத்தாவோடு சேர்ந்து நடப்பதைப் போலத்தான். பிஸ்டன் மேலும் கீழும் ஓடித் திரும்பும் ஒவ்வொரு முறையும், அதை நிறுத்தித் திருப்பும் பளுவை இணைப்புத் தண்டும் கிராங்க் தண்டும் தாங்க வேண்டும். 1950-களின் உலோகங்களும் மசகு எண்ணெயும் எந்த அளவுக்கு இடம் தந்தனவோ, அந்த அளவில் அந்த எஞ்சின் நின்றுவிட்டது.

ஆனால் பெரியப்பா சொல்வதிலும் ஓர் உண்மை இருக்கிறது. அம்பாசடரை ஓட்டியவர்கள், "மெதுவாகப் போகும்போதுகூட மேல் கியரிலேயே இழுத்துவிடும்" என்பார்கள். அது திருப்பு விசையின் வேலை. கெட்டியான போல்ட்டைக் கழற்ற, நீளமான ஸ்பானரைத் தேடுகிறோம் அல்லவா? அதேபோல் நீண்ட கிராங்க், பெரிய பிஸ்டன் இரண்டும் சேர்ந்து அம்பாசடருக்குச் சுமார் 100 நியூட்டன்-மீட்டர் திருப்பு விசையைத் தருகின்றன. மாருதிக்கு 59 தான். ஆனால் இந்த எண் எஞ்சினின் வாசலில் அளந்தது. சக்கரத்திற்குப் போவதற்குள் கியர்ப் பெட்டி அதைப் பெருக்கிவிடுகிறது. பெருக்கிய அளவுக்குச் சுழற்சி குறைகிறது. திருப்பு விசையையும் சுழற்சியையும் கியர் ஒன்றுக்கொன்று மாற்றித் தரும். இரண்டின் பெருக்கமான திறனை மட்டும் அதனால் கூட்ட முடியாது. மாருதி ஓட்டுபவர் ஒரு கியரைக் குறைத்தால் அந்த இழுவையை அவரும் பெற்றுவிடுவார். கைக்குத்தான் கொஞ்சம் வேலை அதிகம்.

ஆகவே ஒப்பிட வேண்டியது திறனை. அதையும் தனியாக அல்ல, அது சுமக்கும் நிறையோடு சேர்த்து. அம்பாசடரின் நிறை சுமார் 1100 கிலோ. மாருதி சுமார் 650 கிலோ. வெறும் வண்டியாகப் பார்த்தால், ஒரு டன்னுக்கு அம்பாசடருக்கு 45.5 குதிரைத்திறன், மாருதிக்கு 57. யானை பின்தங்கிவிட்டது!

வெறும் வண்டியை யாரும் ஓட்டுவதில்லை. நம் மாணவரின் வீட்டில் ஐந்து பேர். பையும் தண்ணீர்க் குடமும் சேர்த்து 300 கிலோ என்று வையுங்கள். இப்போது அம்பாசடர் 1400 கிலோ, மாருதி 950 கிலோ. டன்னுக்கு முறையே 35.7, 38.9 குதிரைத்திறன். இடைவெளி எவ்வளவு சுருங்கிவிட்டது பாருங்கள்! அதே 300 கிலோ, அம்பாசடருக்குத் தன் எடையில் கால் பங்கைவிடச் சற்று அதிகம். மாருதிக்கோ கிட்டத்தட்டப் பாதி. தனியாகப் போகும்போது பாய்ந்தோடும் 800, குடும்பத்தை ஏற்றிக்கொண்டால் ஏன் முனகுகிறது என்பதற்கு விடை இதுதான். எவ்வளவு சுமை ஏற்றினால் இரண்டும் சமமாகும்? 37/(650+ச) = 50/(1100+ச) என்று சமன்பாடு அமைத்து விடுவித்தால், 'ச' 631 கிலோ என்று வரும். அதாவது பத்து ஆட்கள். நம் பக்கத்து ஷேர் ஆட்டோக்காரர்களைத் தவிர வேறு யாரும் அப்படி ஏற்ற மாட்டார்கள். எனவே இயல்பான சுமையில் மாருதியே முந்தி நிற்கிறது.

இங்கே ஓர் எச்சரிக்கை. 'அம்பாசடர்' என்று மட்டும் சொன்னால் போதாது. 1992 முதல் 1817 சி.சி. இசுசு பெட்ரோல் எஞ்சின் பொருத்திய அம்பாசடர்களும் வந்தன. அவை 75 குதிரைத்திறன் அளவுக்குத் தருபவை. ஐந்து பேரோடு டன்னுக்கு 53-க்கு மேல் போகும். அதற்கு முன்பே வந்த 1489 சி.சி. டீசல் எஞ்சினோ ஏறத்தாழ 37 குதிரைத்திறன்தான். மாருதியின் திறன், அம்பாசடரின் உடம்பு! டன்னுக்கு 26 ஆகிவிடும். வெளித்தோற்றம் ஒன்றே, உள்ளே மூன்று வெவ்வேறு வண்டிகள். நம் மாணவரை நான் முதலில் கேட்ட கேள்வியும் இதுதான். அவர்கள் பார்த்தது பழைய 1489 சி.சி. பெட்ரோல் வண்டி.

இப்போது திருமலைக்குப் போவோம். ஊத்துக்கோட்டை வழியாகத் திருப்பதி போகாத குடும்பம் நம் வட்டாரத்தில் உண்டா? அடிவாரத்திலிருந்து மேலே கோயில் வரை ஏற்றம் ஏறத்தாழ 700 மீட்டர். நிலை ஆற்றல் என்பது நிறை × ஈர்ப்பு முடுக்கம் × உயரம். 1400 கிலோ அம்பாசடருக்கு 96 லட்சம் ஜூல். 950 கிலோ மாருதிக்கு 65 லட்சம் ஜூல். ஒரு லிட்டர் பெட்ரோலில் சுமார் 320 லட்சம் ஜூல் இருக்கிறது. அதில் கால் பங்கைத்தான் எஞ்சின் வேலையாக மாற்றும் என்று கொண்டால் 80 லட்சம். ஆக, உயரம் ஏறுவதற்கென்று மட்டும் அம்பாசடர் 1.2 லிட்டரும், மாருதி 0.8 லிட்டரும் தனியாகச் செலவழிக்கின்றன.

ஏறுவதைவிட இறங்குவதுதான் ஆபத்தானது. ஏறும்போது சேர்த்த அத்தனை ஆற்றலும் இறங்கும்போது எங்கேயாவது போயாக வேண்டும். 40 நிமிடத்தில் இறங்கினால், அம்பாசடர் ஒவ்வொரு வினாடியும் 4000 ஜூலை வெப்பமாக்க வேண்டும். நான்கு மின்சார இஸ்திரிப் பெட்டிகள் சக்கரங்களுக்குள் 40 நிமிடம் எரிந்துகொண்டே இருப்பதாக நினைத்துப் பாருங்கள்! மாருதிக்கு இது 2700 ஜூல். பழைய அம்பாசடரில் நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக். டிரம் மூடிய பாத்திரம். உள்ளே பிறக்கும் வெப்பம் எளிதில் வெளியேறாது. சூடேறிய டிரம் விரிந்து, பிரேக் கட்டையிலிருந்து விலகும், பிடிமானமும் குறையும். மாருதியின் முன்சக்கரங்களில் உள்ள டிஸ்க் பிரேக், காற்றில் திறந்து நிற்கும் தட்டு, விரைவில் ஆறிவிடும். எந்த வண்டியானாலும், ஏறிய அதே கியரில் இறங்கினால் எஞ்சினே பெரும்பங்கைத் தடுத்துவிடும். பெட்ரோல் மிச்சம் என்று நியூட்ரலில் உருட்டிக்கொண்டு வருபவர்கள், மொத்த ஆற்றலையும் பிரேக்கின் தலையில் கட்டுகிறார்கள்.

சமதரையில் நிறுத்துவது வேறு கணக்கு. மணிக்கு 80 கி.மீ. வேகத்தில் பிரேக்கை முழுதாக அழுத்தினால் எந்த வண்டி முன்னால் நிற்கும்? 'கனமான வண்டி நிற்க நேரமாகும்' என்று வகுப்பில் பாதிப் பேர் சொல்வார்கள். டயருக்கும் சாலைக்கும் உள்ள உராய்வு விசை எடைக்கு நேர்விகிதம். இயக்க ஆற்றலும் நிறைக்கு நேர்விகிதம். இரண்டையும் சமன் செய்தால் நிறை அடிபட்டுப் போகிறது! உராய்வுக் கெழு 0.7 என்றால், இரண்டும் 36 மீட்டரில் நிற்க வேண்டும். ஓட்டுபவர் ஆபத்தை உணர்ந்து காலை எடுத்து வைக்க ஒரு வினாடி ஆனால், அதற்கே 22 மீட்டர் போய்விடும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கொள்கையளவில் சமம், நடைமுறையில், டயர் வழுக்கும் எல்லை வரை அழுத்தும் ஆற்றல் பிரேக்குக்கு இருக்க வேண்டும். மழைநீரில் நனைந்த பழைய டிரம்முக்கு அது கடினம்.

சரி, மோதினால்? பெரியப்பாவின் பெரிய வாதம் இதுதான்: "அம்பாசடர் கெட்டி." அதையும் கணக்கில் போடுவோம். இரண்டு வண்டிகளும் 60 கி.மீ. வேகத்தில் நேருக்கு நேர் மோதி ஒன்றாக ஒட்டிக்கொண்டால், உந்த மாறா விதிப்படி, இரண்டும் சேர்ந்து அம்பாசடர் போன திசையில் மணிக்கு சுமார் 11.5 கி.மீ. வேகத்தில் நகரும். அம்பாசடரில் இருப்பவர்களின் வேகம் 48.5 கி.மீ. மாறுகிறது, மாருதியில் இருப்பவர்களுக்கு 71.5 கி.மீ. மாறுகிறது. கண்ணிமைக்கும் நேரத்தில் நிகழும் இந்த மாற்றம்தான் உடம்பைத் தாக்குவது. பெரியப்பா சொல்வது சரி.

ஆனால் நம் பகுதிச் சாலையில் எதிரே வருவது யார்? காட்டுப்பள்ளி, எண்ணூர் துறைமுகங்களுக்குப் போகும் கன்டெய்னர் லாரி. அதன் நிறையை 25 டன் என்று கொண்டு அதே கணக்கைப் போடுங்கள். அம்பாசடரில் வேக மாற்றம் 113.6 கி.மீ.; மாருதியில் 115.6 கி.மீ. இருந்த வேறுபாடு காற்றில் கரைந்துவிட்டது. லாரிக்கு முன்னால் யானையும் பூனையும் ஒன்றே. தகடு தடித்திருப்பதும் எப்போதும் நன்மையல்ல. முன்பகுதி நசுங்கி, நிற்கும் நேரத்தைச் சற்று நீட்டித் தர வேண்டும். பயணிகள் இருக்கும் அறை மட்டும் நசுங்கக் கூடாது. அந்த அறிவியல் வளரும் முன்பே உருவான வடிவங்கள் இவை. இரண்டிலும் காற்றுப்பை கிடையாது. முன் இருக்கை, பின் இருக்கை என்று பாராமல் பெல்ட் அணிவது ஒன்றே பாதுகாப்பு.

மற்ற சிலவற்றை விரைவாகப் பார்த்துவிடலாம். அம்பாசடரின் சக்கர வளையம் 15 அங்குலம், மாருதியினுடையது 12. சிறிய சக்கரம் குழியில் ஆழமாக இறங்கும். பழவேற்காடு சாலைக் குழிகளில் பாட்டியின் முதுகு இதை உணரும். அம்பாசடரில் பின்சக்கரம் தள்ளுகிறது. ஆட்கள் பின்னால் உட்கார்ந்தால் அந்தச் சக்கரத்தின் பிடிமானம் கூடும். மாருதியில் முன்சக்கரம் இழுக்கிறது. ஆகவே நீண்ட தண்டு இல்லை, தரையில் மேடு இல்லை, சிறிய கூட்டுக்குள் இடம் மிச்சம். நெடுஞ்சாலையில் காற்றைக் கிழிக்கும் முகப்பு, அகலத்தையும் உயரத்தையும் பெருக்கிப் பார்த்தால், அம்பாசடருக்கு 1.3 மடங்கு. எல்லாம் சேர்ந்து, நல்ல நிலையில் உள்ள 800 லிட்டருக்கு 15 கி.மீ.க்குக் குறையாமல் தருகிறது. பழைய பெட்ரோல் அம்பாசடர் 10-ஐத் தொட்டால் அதிர்ஷ்டம். இப்போது வரும் பெட்ரோலில் 20 விழுக்காடு எத்தனால் கலந்திருக்கிறது. எத்தனாலில் லிட்டருக்கு உள்ள ஆற்றல் பெட்ரோலில் உள்ளதில் மூன்றில் இரண்டு பங்குதான். எனவே இரண்டு வண்டிக்குமே மைலேஜ் சற்றுக் குறையும். பழைய ரப்பர்க் குழாய்களையும் அது பதம் பார்க்கும். மாற்றிவிடுவது நல்லது.

இதுவரை நாம் பார்த்த எண்கள் எல்லாம் தொழிற்சாலை வாசலைத் தாண்டிய நாளின் எண்கள். பல ஆண்டு ஓடிய வண்டியில் அந்த 37 குதிரைகளில் எத்தனை உயிரோடு இருக்கின்றன? ஓடிய தூரம் காட்டும் மீட்டரை நம்ப வேண்டாம். அதைத் திருப்பி வைப்பது பலருக்குக் கைவந்த கலை. அதற்குப் பதில் ஒரு சோதனை. போக்குவரத்து இல்லாத நேரான சாலையில், உரிமம் பெற்ற பெரியவர் ஓட்டட்டும். நீங்கள் கடிகாரத்தோடு பின்னால் உட்காருங்கள். நின்ற நிலையிலிருந்து 60 கி.மீ. வேகத்தை எட்ட எத்தனை வினாடி? மூன்று பேர் ஏறிய மாருதி 830 கிலோ, 60 கி.மீ. வேகத்தில் அதன் இயக்க ஆற்றல் சுமார் 1,15,000 ஜூல். 10 வினாடி ஆனால், சராசரித் திறன் 11,500 வாட். அதாவது பதினைந்தரைக் குதிரைத்திறன். 37 எங்கே போயிற்று என்று பதற வேண்டாம். கியர் மாற்றும் நேரம், எஞ்சின் முழுச் சுழற்சியில் இல்லாத நேரம், டயரின் உராய்வு, காற்று எல்லாம் தின்றது போக மிஞ்சியது இது. ஒரே ஓட்டுநர், ஒரே சாலை, அதே மூன்று பேர். இன்னொரு 800-க்கு 13 வினாடி ஆகிறதென்றால், அந்த எஞ்சின் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு சோர்ந்திருக்கிறது என்று பொருள். புகைக்குழாயில் நீலப் புகையும் வந்தால், பிஸ்டன் வளையங்கள் தேய்ந்து எண்ணெய் உள்ளே போய் எரிகிறது.

இன்னொரு சோதனைக்கு ஒரு சிறு காந்தம் போதும். அம்பாசடருக்கு லாரியைப் போலத் தனி அடிச்சட்டம் இருப்பதாகப் பலர் எண்ணுகிறார்கள். அப்படி இல்லை. இரண்டு வண்டிகளிலும் கூடே உடல், கூடே எலும்பு. முட்டை ஓட்டைப் போல, தகட்டுக் கூடு முழுதும் சேர்ந்து பளுவைத் தாங்குகிறது. கதவுக்குக் கீழே ஓடும் பட்டையும் தரைத் தகடும் துருப்பிடித்து ஓட்டை விழுந்தால், போனது அழகு மட்டும் அல்ல, எலும்பும்தான். கடற்காற்றின் உப்பு படும் நம் ஊர்களில் இது சாதாரணம். விற்பவர்கள் ஓட்டையில் பட்டி வைத்து அடைத்து, மேலே வண்ணம் பூசிவிடுவார்கள். கண்ணுக்குத் தெரியாது, காந்தத்திற்குத் தெரியும்.

மாணவரிடம் ஆய்வகக் காந்தம் ஒன்றைக் கொடுத்து அனுப்பினேன். மெல்லிய துணி சுற்றி, இரண்டு வண்டிகளின் கீழ்ப்பட்டைகளிலும் ஒட்டிப் பார்க்கச் சொன்னேன். மறுவாரம் வந்தார். மாருதியில் பின்சக்கரத்துக்கு அருகே ஓர் உள்ளங்கை அகலம் மட்டும் பிடிக்கவில்லையாம். அம்பாசடரில் இடதுபக்கப் பட்டையில் முக்கால் முழ நீளத்திற்குக் காந்தம் கீழே விழுந்துகொண்டே இருந்ததாம்.

மாருதியை வாங்கினார்கள். அந்த உள்ளங்கை அளவு இடத்தை வெட்டி, புதுத் தகடு பற்றவைத்தார்கள். பாட்டிக்கு முழங்காலை மடக்கித் தாழ்வாக உட்காரச் சிரமம். முன் இருக்கையைப் பின்னால் தள்ளி, ஒரு கெட்டி மெத்தையைப் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். சென்னைக்குப் போகும் நாளில் காரில் நான்கு பேர்தான். ஐந்தாமவரான நம் மாணவர், கும்மிடிப்பூண்டி ரயிலைப் பிடிக்கிறார். பெரும்பாலும் அவர்தான் முதலில் போய்ச் சேருகிறாராம்.